நூற்றுப் பதினேழாவது பந்து

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மூடிப்போன சைக்கிள் செயின் கம்பெனி ஒன்றின் பின்பக்கக் கொட்டகையில், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறை ஒன்று இருந்தது. அது பூஜை அறை இல்லை. மூன்று பக்கமும் உயரமான வெள்ளைத் திரை, தரையும் வெள்ளைப் பலகை. திரைக்குப் பின்னாலிருந்தும் கூரையிலிருந்தும் படம் விழும். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றால் சுவர்கள் காணாமல் போய்விடும். படத்துக்குள்ளேயே நிற்பது போல இருக்கும். தரையில் ஒரு கீறல் விழுந்தால் படத்திலும் கோடு விழும். அதனால் வாசலில் குமாரவேல் நின்றார்.

“செருப்ப உடு சார். உள்ள இருநூத்திப் பதினாலு பேரு கீறாங்க. மெரிச்சிகினா போவே?”

டெல்லியிலிருந்து வந்த பேராசிரியரானாலும் சரி, ஏ.சி. ரிப்பேர் பார்க்க வந்தவரானாலும் சரி, அவருக்கு ஒரே பேச்சுதான். ஐம்பத்து நாலு வயது. இடது முழங்கால் மடங்காது. காசிமேட்டில் இருபத்தைந்து வருஷம் மீன்பிடி லாஞ்சி ஓட்டியவர். வலை இழுக்கும் வின்ச்சின் கம்பிக் கயிறு ஒருநாள் அறுந்து வந்து காலில் அடித்ததோடு கடல் முடிந்தது. அதன்பிறகு இந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அட்டெண்டர் வேலை. காலையில் ஏ.சி.யைப் போடுவார், தரையைத் துடைப்பார், கண்ணாடிகளை மெல்லிய துணியால் துடைத்து வரிசையாக வைப்பார். மூலையில் ஒரு சிவப்பு வாளியும் வைப்பார். வாளி எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கால் மணி நேரத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அறையில் இருக்கும் கண்ணாடிகளில் ஒன்றில் மட்டும் ஒயர் இருக்கும். அதை மாட்டியவர் தலையை எந்தப் பக்கம் திருப்புகிறாரோ படம் அந்தப் பக்கம் திரும்பும். மற்றவர்கள் எல்லாரும் அவர் கண்ணால் பார்க்க வேண்டியதுதான். அவர் கையில் மூன்று பட்டன் வைத்த ஒரு கைப்பிடி. அதை நீட்டினால் படத்துக்குள் முன்னே போகலாம், சாய்த்தால் திரும்பலாம். அவர் வெடுக்கென்று திரும்பினால் கூட நிற்கிற அத்தனை பேருக்கும் வயிறு புரட்டும்.

முதலில் அதை மாட்டிக்கொண்டிருந்தவர் கம்ப்யூட்டர் பார்க்கும் கருணாகரன். அம்பத்தூர்க்காரர், கெட்டிக்காரர், ஆனால் பொறுமை கிடையாது. ஒருநாள் பெரிய மனிதர்கள் ஐந்து பேரை உள்ளே நிறுத்திக்கொண்டு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். மூன்று பேர் வாளியைத் தேடினார்கள். வாளியோடு ஓடிவந்த குமாரவேலால் பொறுக்க முடியவில்லை.

“இன்னா சார் நீ, தலையையும் கையையும் ஒரே நேரத்துல திருப்புறே? சுக்கானத் திருப்புறப்போ கண்ணு ஒரே எடத்துல குந்திகினு இருக்கணும். கண்ணத் திருப்புறப்போ கை சும்மா கெடக்கணும். நீ ரெண்டையும் ஆட்டினா அவுங்க கொடலு இன்னாத்துக்கு ஆவும்?”

“அப்போ நீங்க ஓட்டுங்க டிரைவரே, பாக்கலாம்,” என்றார் கருணாகரன், எரிச்சலில்.

ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் எழில்மொழி அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒயர் கண்ணாடியைக் கழற்றிக் குமாரவேலின் முகத்தில் மாட்டிவிட்டார். அன்று மத்தியானம் முழுக்க அவர் ஓட்டினார். வாளி காலியாகவே இருந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் டிரைவர் அவர்தான். “சயின்டிஸ்டு யாரு வேணும்னாலும் வரலாம், டிரைவர் லீவு போட்டா ஆராய்ச்சி லீவு,” என்று எழில்மொழியே சொல்வார்.

எழில்மொழி எம்.கே.பி. நகர்ப் பெண். முப்பது வயதிருக்கும். வெளிநாட்டில் படித்துவிட்டு, திரும்பி வந்து இந்த வேலையை எடுத்தவர். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நான்கு மீனவக் குப்பங்களில் இருநூற்றுப் பதினாலு பேரிடம் ரத்தம் வாங்கியிருந்தார். மலேரியா மாத்திரை சாப்பிட்டால் சிலருக்கு மட்டும் உடம்பில் ரத்தம் உடைந்து மூத்திரம் கறுத்துப்போகிறதே, அது யார் யாருக்கு, எந்த வழியாக வருகிறது என்பது கேள்வி. ஓர் ஆளின் ரத்தத்தில் மரபணுவின் ஐந்து லட்சம் இடங்களைப் படித்தால், எல்லாருக்கும் சேர்த்துப் பத்துக் கோடிக்கு மேல் எழுத்து. காகிதத்தில் அச்சடித்தால் கொட்டகை நிரம்பும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அதைத்தான் இந்த அறையில் ஊர் மாதிரி கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆளும் ஒரு பந்து. அம்மாவிலிருந்தும் அப்பாவிலிருந்தும் பிள்ளைக்கு நூல். செத்துப்போனவர்கள், ரத்தம் கொடுக்காதவர்கள் எல்லாம் வெறும் கூடாக, உள்ளே ஒன்றுமில்லாத கண்ணாடிப் பந்தாகத் தெரிவார்கள். ஒரு பந்துக்குள் நுழைந்தால் உள்ளே நீளமாக நூல்கள், நூலெல்லாம் மணிகள். மாத்திரை ஆகாதவர்களுக்கு ஒரு நூலில் ஒரே ஒரு சிவப்பு மணி.

குமாரவேலுக்கு அதில் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் வழி தெரியும். எந்தக் குப்பம் எந்தப் பக்கம், எந்த வரிசையில் கூட்டம் நெருக்கம், எங்கே மெதுவாகத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் ஒரே மாதத்தில் அவருக்கு மனப்பாடம். தன் பந்தும் தெரியும். நூற்றுப் பதினேழு. ரத்தம் கொடுத்த அன்று தந்த அட்டையில் அந்த எண் ஒட்டியிருந்தது. அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அதைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் கைப்பிடியை ஒரு விரல்கடை மெதுவாக்குவார். யாரும் கவனித்ததில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை. எழில்மொழியும் கருணாகரனும் மட்டும் உள்ளே இருந்தார்கள். வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடியாக வேண்டும். சிவப்பு மணிகளை மட்டும் எரியவிட்டு, மற்றதையெல்லாம் மங்கலாக்கியிருந்தார் கருணாகரன். இருட்டில் லாஞ்சிகளின் விளக்குகள் போல அங்கங்கே சிவப்பு.

“நிறுத்துங்க குமாரண்ணே,” என்றார் எழில்மொழி. “இது இன்னா இங்க தனியா எரியுது?”

நூற்றுப் பதினேழு.

“இது வழி தப்பி வந்த கேஸ் மேடம்,” என்றார் கருணாகரன். “இந்தச் சிவப்பு ஆம்பளைங்களுக்கு அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். இவரோட அம்மா நூத்திப் பதினாறு. அவங்ககிட்ட சிவப்பு இல்ல. சிவப்பு மட்டும் இல்ல, எந்த நூலும் ஒட்டல. லேபிள் மாறியிருக்கும்.”

“எடுத்துடுங்க. அந்தக் குடும்பத்தையே எடுத்துடுங்க. நம்ப முறை அதான். ஒட்டாதத வச்சிகினு கணக்குப் போட்டா எல்லாம் தப்பாப் போயிடும்.”

குமாரவேல் கையை ஆட்டாமல் நின்றார். தலையையும் ஆட்டவில்லை.

“டாக்டரம்மா,” என்றார். “அது மாறல. அது என் நம்பரு.”

கருணாகரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“ரத்தம் எடுத்தப்போ நிரப்புன பாரத்துல உங்க அம்மா பேரு இன்னா சொன்னீங்கண்ணே?”

“பட்டம்மா.”

“அவங்கதான் உங்களப் பெத்தவங்களா?”

குமாரவேல் சட்டைப்பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அவங்கதான் என் அம்மா,” என்றார்.

“அப்போ லேபிள்தான் மாறியிருக்கு. உங்க மேல தப்பில்ல,” என்றார் எழில்மொழி. குரல் இதமாக இருந்தது. ஒரு வீட்டுக்குள் சண்டை மூட்டக்கூடாது என்பது அவர்களுடைய வேலையின் விதி. அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

“சிவப்பு இருந்தா இன்னா ஆவும்மா?”

“பட்டியல்ல இருந்தா அந்த வீட்டுக்கு மஞ்சள் சீட்டு குடுப்போம். எந்த மாத்திரை ஆகும், எது ஆகாதுன்னு அதுல எய்தியிருக்கும். அப்பாகிட்ட இருந்தா பொண்ணுக்கு கண்டிப்பா போகும். அந்தப் பொண்ணுக்குப் பையன் பொறந்தா பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த மாதிரி ஆம்பளப் புள்ளைங்களப் பொறந்த அன்னிக்கே டெஸ்ட் பண்ணணும். காமாலை ஏறுனா ரெண்டே நாள்ல மூளைக்குப் போயிடும். சீட்டு காட்டுனாத்தான் ஆஸ்பத்திரில பண்ணுவாங்க.”

குமாரவேலின் மகள் ரேகா பிள்ளைத்தாய்ச்சி. அன்றோடு ஒன்பது மாதம் முடிந்திருந்தது.

அந்த அறையில் தெரியாத சங்கதி குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பட்டம்மாள் குமாரவேலைப் பெறவில்லை. வாங்கினாள். ஒரு படி தவிட்டுக்கு.

பெற்றவள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா. அவளுக்கு முதலில் ஒரு பெண். அப்புறம் வரிசையாக மூன்று ஆண் பிள்ளைகள். மூன்றும் பிறந்த வாரத்துக்குள் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தன. நாலாவது ஆணாகக் குமாரவேல் பிறந்ததும், தொப்புள்கொடி அறுத்த கையோடு பட்டம்மாள் வாசலில் நின்று ஒரு படி தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். இது பச்சையம்மா பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போன பிள்ளை என்று, பிள்ளைகளைக் கொண்டுபோகிற அம்மனையே ஏமாற்றுகிற ஏற்பாடு. பச்சையம்மா அடுத்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். பிள்ளை அவளை ‘அத்தே’ என்று கூப்பிட வேண்டும். தன் வாயால் ஒருநாளும் அம்மா என்று சொல்லக்கூடாது. சொன்னால் அம்மனுக்குக் காது கேட்டுவிடும்.

வழக்கமாகக் கல்யாணத்தின்போது தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். குமாரவேலின் கல்யாணத்துக்கும் பச்சையம்மா தவிடு அளந்து வைத்தாள். அந்த வாரம் பார்த்துப் புயலில் அவருடைய லாஞ்சி இரண்டு நாள் கரை திரும்பவில்லை. “வோணாம், அம்மன் கேட்டுகினுதான் கீறா,” என்று தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் பேச்சே எடுக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன் அவள் செத்தபோது மகள் வயிற்றுப் பேரன் கொள்ளி வைத்தான். குமாரவேல் பாடை தூக்கிய நாலு பேரில் ஒருவராக நடந்தார்.

குப்பத்தில் பாதிப் பேருக்கு அவர் இன்றைக்கும் ‘தவுடு’தான். ஆனால் ரேஷன் கார்டு முதல் ரத்தம் கொடுத்த பாரம் வரை அம்மா பெயர் பட்டம்மாள். கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். சொன்னார்.

இருபத்திரண்டு வயதில் மலேரியா வந்து, கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு, காபி டிகாக்‌ஷன் மாதிரி மூத்திரம் போய், பிழைப்பாரா என்று கிடந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. லேபிள் மாறவில்லை என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் ஒரே கணக்குப் போட்டார். பெண் பிள்ளையாகப் பிறந்தால் வாயே திறக்க வேண்டாம். வாயைத் திறந்து, கேட்டுக்கொண்டிருக்கிறவள் காதில் விழுந்து, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வாயைத் திறக்காமல் ஆகிவிட்டால்? வியாழன் மத்தியானம் எண்ணூர்க் குப்பத்தை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டார். “டிரைவருக்கு இன்னிக்குத் தூக்கக் கலக்கம்,” என்றார் கருணாகரன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ரேகாவுக்குப் பிள்ளை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. காது மடலில் முடி. வலது கைவிரலை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு இடது கையை மூடியே வைத்திருந்தது. குமாரவேல் விரலை நீட்டியதும் பிடித்த பிடியைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நங்கூரக் கயிற்றைப் பிடிக்கிற பிடி.

“ஆம்பளப் புள்ள, நைனா,” என்றாள் ரேகா.

“தெரியுதும்மா,” என்றார். ஆஸ்பத்திரியை விட்டு இறங்கி நேரே காசிமேட்டுக்கு நடந்தார்.

பட்டம்மாளுக்கு எழுபத்தாறு வயது. மீன் ஏலம் விட்ட தொண்டை இன்னும் அப்படியே இருந்தது. வாசலில் குந்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவள், அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வாயிலிருந்ததைத் துப்பினாள்.

“பேரன் பொறந்துக்கீறான், கற்கண்டு எத்துகினு வராம இன்னாடா மூஞ்சிய தொங்கப்போட்டுகினு வந்துகீறே?”

“நா இன்னா பண்ணட்டும்மா? சொன்னாலும் பயமாகீது, சொல்லாங்காட்டியும் பயமாகீது.”

“நீ சொல்லக்கூடாது. நா வாங்குன புள்ள நீ. நா திருப்பிக் குடுத்தாத்தான் நீ அவ புள்ள. அப்பால நீ ஊரக் கூட்டிச் சொல்லிக்கோ.”

“அப்போ குடுத்துடு.”

“சும்மாவா? ஒரு படி தவுடு கொண்டா. இம்மாம் நாளு அம்மன நானும் ஏமாத்துனேன், அவளும் ஏமாந்தா. இப்போ ஓசில குடுத்தா அவ இன்னா நெனப்பா?”

குமாரவேல் தண்டையார்பேட்டை மாட்டுத் தீவனக் கடைக்கு ஓடினார். அவர் ஓட்டம் என்பது மடங்காத காலை வீசிக்கொண்டு நடப்பது. கடைக்காரர் இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தார். கொண்டுவந்து முறத்தில் கொட்டியதும் பட்டம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தாள்.

“இது இன்னாது?”

“தவுடு.”

“டேய், இது கோதும தவுடு. உன்ன நா நெல்லுத் தவுட்டுக்கு வாங்குனேன். சப்பாத்தி துன்றவன் ஊட்டுப் புள்ளையா நீ?”

“எம்மா, நேரம் ஆவுது!”

“ஆவட்டும். குடுத்ததுதான் திரும்பி வரணும்.”

நெல் தவிடு புளியந்தோப்பில்தான் கிடைத்தது, எருமைக் கொட்டகைகளுக்குத் தீவனம் போடுகிற ரஷீது பாயின் கடையில். கதையைக் கேட்ட பாய் படி நிறையக் குவித்து அளந்து, மேலே ஒரு கைப்பிடியும் போட்டார். “உனுக்கு இல்ல நைனா, பேரனுக்கு,” என்றார்.

பட்டம்மாள் தவிட்டை முந்தானையில் வாங்கி, பச்சையம்மா இருந்த வீட்டுப் பக்கம் திரும்பி நின்று, ஏலக் குரலில் சொன்னாள்: “அடியே பச்சே! உம் புள்ளய உங்கிட்டயே உட்டுட்டேன். நல்லாப் பாத்துக்கினேன். கணக்கு சரி.” அக்கம்பக்கத்தில் நாலு தலை எட்டிப் பார்த்தன. அவள் தவிட்டை அடுத்த வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு வந்தாள். “நானும் வரேன். உன்ன நம்ப முடியாது. அங்க போயி முழிப்பே.”

மணி ஒன்றரை. பட்டியலை மூட நாலு மணி நேரம் இருந்தது. அறை வாசலில் பட்டம்மாள் யாரும் சொல்லாமலே செருப்பை விட்டாள். கறுப்புக் கண்ணாடியை மட்டும் வேண்டாம் என்றாள்.

“குமாரண்ணே, இன்னிக்கு லீவுன்னு நெனச்சேனே? பேரன்னு ரேகா மாமியார் போன் பண்ணாங்களே,” என்றார் எழில்மொழி.

“டாக்டரம்மா, பாரத்துல தப்பு. நாந்தான் தப்பாச் சொன்னேன். இவங்க என்ன வளத்தவங்க.” குமாரவேல் பட்டம்மாளைக் காட்டினார். ஐம்பத்து நாலு வருஷத்தில் வாயில் வராத வார்த்தை. “என்னப் பெத்த அம்மா பேரு பச்சையம்மா.”

கூரை இடிந்து விழவில்லை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பட்டம்மாள், “ஆங், அதான், எய்திக்கோ,” என்றாள். பிறகு தவிட்டுக் கதையையும் மூன்று பிள்ளைகள் கதையையும் அவளே சொன்னாள். எழில்மொழி ஒன்றும் எழுதவில்லை, கேட்டுக்கொண்டே நின்றார்.

கருணாகரன் கீபோர்டில் தட்டினார். “பச்சையம்மாவுக்கு நம்பர் இல்ல. இறந்தவங்க. ரத்தம் இல்ல. ஆனா அவங்க பொண்ணு நூறு, பேரனுங்க நூத்தி ஒண்ணு, நூத்தி ரெண்டு இருக்காங்க. டிரைவரே, கண்ணாடிய மாட்டுங்க.”

குமாரவேல் மாட்டிக்கொண்டு, கையை நிதானமாக நீட்டினார். காசிமேட்டு வரிசை நெருங்கியது. நூற்றுப் பதினாறிலிருந்த நூல் அறுந்து, மூன்று பந்துகளைத் தாண்டிப் போய், எத்தனையோ முறை அவர் சும்மா கடந்துபோன அந்த வெறும் கண்ணாடிப் பந்தில் ஒட்டியது. பக்கத்தில் அக்காவின் பந்து. அவளுடைய இரண்டு பையன்களிலும் அதே சிவப்பு மணி. ஒவ்வொரு நூலாக ஒட்டிக்கொண்டே வந்தது. கருணாகரன் மெதுவாக விசில் அடித்தார்.

“அண்ணே, லேபிள் மாறவே இல்ல,” என்றார் எழில்மொழி. “நில்லுங்க, சீட்டு அடிச்சித் தரேன்.”

மஞ்சள் சீட்டு வெளியே வந்தது. குமாரவேலுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று எழில்மொழியே வாய்விட்டுப் படித்தார். இன்ன மலேரியா மாத்திரை கூடாது. இன்ன சல்ஃபா மருந்து கூடாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பாச்சை உருண்டை கூடாது. அது போட்டு வைத்த துணியைக் குழந்தைக்குச் சுற்றவே கூடாது.

“பாச்சை உருண்டையா? துணிப்பொட்டில போடுறமே, வெள்ளையா, அதுவா?”

“அதான். அந்த நெடியே இந்த ரத்தத்த உடைக்கும்.”

பட்டம்மாள் சட்டென்று குந்திவிட்டாள். “டேய், உன்னப் பெத்த அப்பன் ஹார்பர்ல துணி பேல் குடோன்ல இருந்தான்டா. மடி மடியா அத்தத்தான் எத்துகினு வருவான். அவ ஊட்டுக்குள்ள போனாலே மூக்கு எரியும். அந்த மூணு புள்ளையும் அந்தத் துணிலதான்டா சுத்திக் கெடந்துச்சு.”

“நா?”

“நீ என் ஊட்டுல. எங்கிட்ட பொட்டி ஏது? கட்டுன பொடவயக் கியிச்சித்தான் சுத்துனேன்.”

ஆனால் குமாரவேல் அதற்குள் வாசலில் இருந்தார். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது என்று, அவர் மனைவி குணசுந்தரி மூன்று மாதமாக அவருடைய பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து இரும்புப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். கரப்பான் வரக்கூடாது என்று பாக்கெட் பாக்கெட்டாகப் பாச்சை உருண்டை வாங்கி வந்து கொடுத்தவரே அவர்தான்.

ஷேர் ஆட்டோவில் ராயபுரம் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம். வார்டுக்குள் நுழைந்ததும் அந்த நெடி அவருக்குத் தெரிந்தது, இல்லை, தெரிந்தது மாதிரி இருந்தது. பிள்ளை அவருடைய வேட்டித் துண்டில் சுற்றி, மூக்கு மட்டும் தெரியத் தூங்கிக்கொண்டிருந்தது.

“அவுரு குணா, அந்தத் துணிய அவுரு!”

“இன்னாயா இது, இப்பத்தான் தூங்குச்சு. உனக்குப் பைத்தியமா?”

“அப்பால திட்டு. மொதல்ல அவுரு.”

பட்டம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து துணிப்பையிலிருந்து துவைத்த நூல் புடவை ஒன்றை எடுத்து, பல்லால் கடித்து, நீளமாகக் கிழித்தாள். “மீன் நாத்தம் அடிச்சா அடிக்கட்டும். அதுக்கு ஒண்ணியும் ஆவாது. சாட்சி இதோ நிக்கிறான்,” என்று குமாரவேலைக் காட்டினாள். குணசுந்தரி அந்த வேட்டித் துணி மூட்டையை வெளியே கொண்டுபோய் வைத்தாள். மஞ்சள் சீட்டைப் பார்த்த டியூட்டி டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

பிள்ளைக்குச் சிவப்பு இருந்தது. மறுநாள் கண்ணோரம் மஞ்சள் தட்டியது. தொடக்கத்திலேயே பிடித்துவிட்டதால் நீல விளக்கின் கீழ் மூன்று நாள் வைத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, உடம்பில் துணியில்லாமல், காலை நீட்டிப் படுத்திருந்தான். “அறைக்கு வந்துகீறவன் மாதிரியே கீறான் பாரு, கண்ணாடி போட்டுகினு,” என்றார் குமாரவேல். நாலாம் நாள் மஞ்சள் இறங்கிவிட்டது. ஐந்தாம் நாள் வீடு. பால் குடிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது என்று பட்டம்மாள் புகார் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை குமாரவேல் வேலைக்குப் போனார். பெங்களூரிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். செருப்பை விடச் சொன்னார், வாளியை வைத்தார், கண்ணாடியை மாட்டினார். எண்ணூரிலிருந்து தெற்கே மெதுவாக வந்தார். எழில்மொழி ஒவ்வொரு இடமாக விளக்கிக்கொண்டு வந்தார். காசிமேட்டு வரிசை வந்தது.

“இந்தக் குடும்பத்த நாங்க கிட்டத்தட்ட எடுத்தே இருப்போம்,” என்றார் எழில்மொழி. “பாரத்துல ‘பெத்தவங்க யாரு, வளத்தவங்க யாரு, தவிட்டுக்கு வாங்குனதா’ன்னு மூணு கேள்வி இப்போ சேத்திருக்கோம். எண்ணூர்ல இன்னும் ரெண்டு வீடு அப்படிக் கெடச்சிருக்கு.”

குமாரவேல் கேட்டுக்கொண்டே ஓட்டினார். கண் ஒரே இடத்தில் இருந்தது. கை நிதானமாக இருந்தது. அப்போது கருணாகரன், யாரிடமும் சொல்லாமல், ஒரு பட்டனைத் தட்டினார்.

நூற்றுப் பதினேழுக்குக் கீழே, ரேகாவின் பந்துக்கும் கீழே, இடது ஓரத்தில் புதிதாக ஒரு பந்து எரிந்தது. மற்றதைவிடச் சின்னது. இருநூற்றுப் பதினைந்து.

குமாரவேல் வெடுக்கென்று திரும்பினார். தலையையும் கையையும் ஒரே நேரத்தில்.

குப்பங்கள் நாலும் சுழன்று கவிழ்ந்தன. பெங்களூர்க்காரர்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் வாளியை நோக்கி ஓடினார்.

“டிரைவரே!” என்று கத்தினார் கருணாகரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “சுக்கானத் திருப்புறப்போ கண்ணு எங்க குந்தணும்?”

“அட இரு சார், எம் பேரன் வந்துகீறான்,” என்றார் குமாரவேல், கைப்பிடியை நீட்டி நேரே அந்தப் பந்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டே.